அறுபது மைக்ரான்

அக்டோபரில் யூலிஷ் முழுக்கக் கிழங்கு வேகும் வாடை.
லாரிகள் மண் உதிர்த்துப்போன ஈரச் சாலையில்
சைக்கிள் சறுக்காமல் வந்து சேர்ந்து
கையுறை மாட்டும்போது மணி ஆறரை.

குளிர்பெட்டியில் நான்கு பேர். எண்கள் மட்டும்.
இன்றைக்கு எனக்கு வாய்த்தவர்
ஆண், எண்பத்தொன்று, இடக்கைக்காரர்.
அதற்குமேல் நான் அறியக் கூடாது என்பது விதி.
ஃபார்மலினில் ஏழு மாதம் ஊறி
பிறகு உறைந்து
வெண்ணெய்க் கட்டியாய் இறுகி
கத்திக்கு எதிரே அமர்ந்திருக்கிறார்.

ஒரு சீவல் அறுபது மைக்ரான்.
வெற்றிலையோடு மெல்லும் சீவல்
இதன் பக்கத்தில் விறகுக் கட்டை.
தூரிகை நுனியால் தொட்டு, சுருளும் முன் இழுத்து
கண்ணாடியில் படுக்கவைக்க வேண்டும்.
அறுநூற்றுப் பதினொன்றாவதில் தும்மிவிட்டேன்.
குறிப்பேட்டில் "மடிப்பு" என்று எழுதினேன்.
தும்மலுக்கு அங்கே கட்டம் இல்லை.

சாயம் எதுவும் ஏற்றுவதில்லை.
ஒளியை ஒரே திசையில் அதிரப் பழக்கி
உள்ளே அனுப்புகிறோம்.
நரம்பிழையைப் போர்த்திய கொழுப்பு
அதன் போக்கைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது.
மாறிய அளவைப் பார்த்து
இழை எங்கே போகிறதென்று கணக்குப் போடுகிறோம்.
சாலைக்கு அப்பால் சர்க்கரை ஆலையிலும்
கிட்டத்தட்ட இதே வேலைதான்:
பாகுக்குள் ஒளியை விட்டு
எவ்வளவு திரும்புகிறதென்று பார்த்து
கிழங்குக்கு விலை வைக்கிறார்கள்.
அவர்களுக்கு ஒரு எண் கிடைத்தால் போதும்.

திரையில் அவர் விரிகிறார்.
இடமிருந்து வலம் போவது சிவப்பு.
மேலிருந்து கீழே பச்சை.
நம்மை நோக்கி நேரே வருவது நீலம்.
இரு பாதிகளையும் கட்டும் பாலம் முழுச் சிவப்பு,
எண்ணெய் வைத்து வாரிய தலைபோல அத்தனை ஒழுங்கு.
அது விரிந்து ஓரத்துக்கு வருமிடத்தில்
கருப்பு.

அங்கே இழை இல்லை என்றல்ல.
ஒன்றன் குறுக்கே ஒன்று போகும்போது
ஒன்று சொன்னதை மற்றது அழித்துவிடுகிறது.
நெரிசல் மிகுந்த இடம்தான் வெறிச்சென்று தெரியும்.
"ஆஹன் நெடுஞ்சாலைச் சந்திப்பை
வானத்திலிருந்து பார்த்து
காரே இல்லை என்று சொல்வதுபோல" என்பாள் டீட்லிண்டே.
அவள் தினமும் அந்தச் சந்திப்பில்
நாற்பது நிமிடம் நிற்பவள்.

வியாழனன்று அலுவலகம் வழியே ஒரு கடிதத்தின் நகல்.
பெயரைக் கருப்பு மையால் அடித்திருந்தார்கள்.
எழுத்து நடுங்கவில்லை.

"ஐயா அல்லது அம்மா,
என் கணவர் உங்களிடம் இருக்கிறார்.
ஐம்பத்திரண்டு வருடம் கார் ஓட்டினார்.
வழி தப்பினால் யாரிடமும் கேட்க மாட்டார்.
ஒருமுறை பெல்ஜியத்துக்கே போய்விட்டோம்.
அந்தப் பிடிவாதம் இருக்கும் இடத்தைப் பார்த்தீர்களா?
முழுவதும் முடிய இன்னும் எவ்வளவு நாள்?
கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்கு
வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்."

டீட்லிண்டே சிரித்தாள்.
பிறகு கோப்பையைக் கழுவப் போனாள், வெகுநேரம்.
பதில் எழுதுவது எங்கள் வேலை அல்ல.
அதற்கொரு துறை உண்டு, ஒரு படிவம் உண்டு,
ஆழ்ந்த நன்றி என்று தொடங்கும்
மூன்று வாக்கியங்கள் உண்டு.

நான்கு பேரில் அவர் யாரென்று தெரியாது.
என் இடக்கைக்காரராக இருக்கலாம்.
பெட்டியில் காத்திருக்கும் மூவரில் ஒருவராக இருக்கலாம்.
பிடிவாதத்துக்கு நிறம் ஒதுக்கவில்லை என்பதை மட்டும்
அந்த அம்மாளிடம் சொல்ல ஆசை.
பெல்ஜியத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவும்.

மதியம், மறுபடி அந்தக் கருப்பு.
மேடையை ஒரு பக்கமாகச் சாய்த்தால்
சில சமயம் அது வாய் திறக்கும்.
நான்கு டிகிரி சாய்த்தேன்.
ஒன்றுமில்லை.
எதிர்ப்பக்கம் நான்கு.
சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே, மயிரிழை அகலத்தில்,
நீலமாய் ஒன்று
கண்ணாடியைத் துளைக்கிற மாதிரி
என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.
யாரிடமும் கேட்காமல்.

வெளியே லாரி பின்னால் நகரும் பீப் சத்தம்.
தூரிகையை நனைத்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
மூச்சை அடக்கினேன்.